திரட்டு முழுமையைக் காட்டுமா? — மெல்லிசை மன்னர் இருவரின் பதின்மூன்று ஆண்டுகள்

நல்லன என்று தோன்றிய பாடல்களைத் தெரிந்தெடுத்து ஓரிடத்தே கோத்து வைக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. எட்டுத்தொகை என்று நாம் போற்றுவன யாவும் தொகுக்கப்பட்டனவே. தேவாரப் பதிகங்கள் ஏறத்தாழ 800. அவற்றை முழுவதும் ஓத இயலாதார் பொருட்டு 25 பதிகங்களைத் தெரிந்து எட்டுத் தலைப்பின்கீழ் வகுத்தது அகத்தியர் தேவாரத் திரட்டு. சிவாலய முனிவர் வேண்ட அகத்தியர் அதனை வகுத்தளித்தார் என்பது மரபுக் கதை. 15ஆம் நூற்றாண்டளவில் பெயரறியா அறிஞர் ஒருவர் பழைய நூல்கள் பலவற்றினின்றும் செய்யுட்களைத் திரட்டிப் பொருள்வாரியாக அமைத்த புறத்திரட்டினை எஸ். வையாபுரிப்பிள்ளை 1938இல் பதிப்பித்தார். ஆகவே, “சிறந்த பாடல்கள்” என்னும் முகப்போடு இசைத்தட்டும் ஒலிநாடாவும் இறுவட்டும் வந்தபொழுது, நம்மவர் அவற்றை அந்நியப் பண்டமாகக் கருதாது உடனே ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

ஆயின் திரட்டு எதனைச் செய்யும், எதனைச் செய்யாது என்பதை ஆராய்ந்து அறிதல் வேண்டும். திருநாவுக்கரசர் நீண்டநாள் வாழ்ந்தவர். அவருடைய பதிகங்கள் நான்காம், ஐந்தாம், ஆறாம் திருமுறைகளில் பண்ணும் யாப்பும் பற்றி நேரிசை, விருத்தம், குறுந்தொகை, தாண்டகம் எனப் பிரிக்கப்பட்டுள்ளன. அகத்தியர் திரட்டோ அவற்றைப் பொருள் பற்றிப் பிரிக்கின்றது. இளமையில் அவர் மொழி எவ்வாறிருந்தது, முதுமையில் எவ்வாறு கனிந்தது என்று அறிய விரும்புவோன் இவ்விரு அடைவிலும் நேரான விடை காணான். ஓதுவார்க்காக வகுக்கப்பட்டதொன்றிடம் வரலாற்று மாணவன் சென்று கேட்பது அவன் பிழையேயன்றித் திரட்டின் பிழையன்று. ஒரு திரட்டு தன்னை “இன்னாரின் இசை இதுவே” என்று கூறிக்கொள்ளும்பொழுதுதான் வரலாற்று ஆசிரியன் குறுக்கிட வேண்டியவனாகின்றான்.

இவ்வெண்ணம் எனக்கு உண்டானது நூலகத்திலன்று. நம் கல்லூரிக் கலைவிழாவுக்காக உயர்தர வகுப்பு மாணவர் சிலர் பழைய திரைப்பாடல் நிகழ்ச்சி ஒன்றனை அமைத்தனர். விசுவநாதன் - இராமமூர்த்தி இரட்டையரின் பாடல்களே பாடுவது என்று முடிவு செய்து, கண்டி நகரிலுள்ள கடையொன்றிலே வாங்கிய இறுவட்டு ஒன்றனை என்னிடம் கொணர்ந்தனர். அதன் முகப்பிலே இருவர் பெயரும் இருந்தன. படம் விசுவநாதன் ஒருவருடையதே. பாடல்களை வரிசையாகக் கேட்டு வந்தேன். “அன்பே வா” படப் பாடலொன்று வந்தது. அது 1966இல், இருவரும் பிரிந்தபின், விசுவநாதன் தனித்து இசையமைத்த படம். பின்னர் “வானம்பாடி” படப் பாடலொன்று வந்தது. அப்படத்தின் இசை கே. வி. மகாதேவனுடையது. 1961க்கு முற்பட்ட பாடல் ஒன்றேனும் இல்லை. “சேர், பாட்டு நல்லாத்தானே இருக்கு?” என்றான் ஒரு மாணவன். நல்லாயிருந்தது என்பதே இடர்ப்பாடு. பாடல்கள் நல்லனவாய் இருந்தமையாலேயே வரலாறு பிழையாய் இருந்தது எவருக்கும் உறுத்தவில்லை.

இரட்டையரின் வரலாற்றினை ஈண்டுச் சற்று விரித்துரைத்தல் வேண்டும்.

தி. கி. இராமமூர்த்தி 1922இல் திருச்சிராப்பள்ளியில் இசைக்குடும்பத்தில் பிறந்தவர். வயலின் அவர் கருவி. மனயங்கத்து சுப்பிரமணியன் விசுவநாதன் 1928இல் பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தவர். ஆர்மோனியம் அவர் கருவி. இருவரும் இசையமைப்பாளர் சி. ஆர். சுப்பராமனிடம் வாத்தியக் கலைஞராயிருந்தவர். 1952இல் சுப்பராமன் முப்பது வயதை எட்டுமுன்னரே மறைந்தார். அவர் விட்டுச்சென்ற பணிகள் பல. “தேவதாஸ்” முதலிய படங்களின் இசையை நிறைவு செய்யும் பொறுப்பு இவ்விளைஞர்க்கு வந்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே என். எஸ். கிருஷ்ணன் இயக்கிய “பணம்” என்னும் படத்துக்கு இருவரும் தம் பெயரால் இசையமைத்தனர். இங்ஙனம் ஆசிரியர் ஒருவரின் இறப்பிலே தொடங்கிய கூட்டு, 1965இல் “ஆயிரத்தில் ஒருவன்” வெளிவந்ததோடு முடிந்தது. இடையிலே, 1963இல், நடிகர் சிவாஜி கணேசன் கையால் “மெல்லிசை மன்னர்கள்” என்னும் பட்டம் கிடைத்தது.

அப்பட்டத்தின் மெல்லிசை என்னும் சொல்லைச் சற்று நோக்குக. இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் நம் செவியில் ஒலிப்பது 1961 முதல் 1964 வரையிலான ஒலியே. தாழ்ந்த குரலில் பாடும் பி. பி. ஸ்ரீநிவாஸ், தெளிந்த உச்சரிப்பிற் பி. சுசீலா, அக்கோர்டியன், குழல், பின்னணியில் வயலின் கூட்டம். ஆயின் 1952இல் இவ்வொலி இல்லை. முதல் ஐந்தாறு ஆண்டுகளில் இருவரும் தம் ஆசிரியர் காலத்துப் பாணியையே பெரிதும் பின்பற்றினர். இராக இலக்கணத்தை நெருங்கி நடக்கும் மெட்டு, முழக்கமான குரல், பாடகரைத் தொடர்ந்தே செல்லும் வாத்தியம் என்பன அதன் இயல்புகள். நாடக மேடையின் நிழல் இன்னும் திரையை விட்டு நீங்காத காலம் அது.

1957, 1958ஆம் ஆண்டுகளில் ஒரு திருப்பம் காணப்படுகின்றது. “புதையல்” படத்தில் சி. எஸ். ஜெயராமனும் சுசீலாவும் பாடிய கடற்கரைக் காதற்பாட்டில் வாத்தியக் குழு தனக்கெனப் பேசத் தொடங்குகின்றது. அதே படத்தில் கைத்தறி நெசவைப் பாடும் பட்டுக்கோட்டை கலியாணசுந்தரத்தின் பாட்டும் உண்டு. “மகாதேவி”, “பதிபக்தி”, “பாகப்பிரிவினை” எனப் பட்டுக்கோட்டையாரும் இவ்விரட்டையரும் கூடிய படங்கள் சில. உழைப்பாளியின் சொல்லுக்கு ஏற்ற எளிய, நிமிர்ந்த மெட்டுகளை அவற்றிலே கேட்கலாம். 1959இல் அக்கவிஞர் இளவயதில் இறவாதிருந்தால் இரட்டையரின் இசை எவ்வழிச் சென்றிருக்கும் என்பது கற்பனைக்குரிய வினா. அதனை வரலாற்றாசிரியன் தொடுதல் தகாது. எனினும் கொழுந்து பறிப்போரிடையே வளர்ந்த எனக்கு, “சிறந்த பாடல்கள்” திரட்டுகளில் இப்பகுதி ஏறக்குறைய முழுவதும் விடுபட்டுப்போவது பெருங்குறையாகவே படுகின்றது. 1958இல் கண்ணதாசன் தாமே தயாரித்த “மாலையிட்ட மங்கை”க்காக டி. ஆர். மகாலிங்கத்தை மீண்டும் பாடவைத்தனர். பழைய முறையிலே பாடிப் பழகிய அந்த உச்சக் குரலைச் சுற்றிப் புதிய வாத்திய அமைப்பினைப் பின்னியது இரு காலங்களுக்கிடையே கட்டிய பாலம் போல்வது.

1961இல் “பாவமன்னிப்பு”, “பாசமலர்”, “பாலும் பழமும்” ஆகிய மூன்றும் வெளிவந்தன. இவற்றுக்குப்பின் தமிழ்த் திரையிசை பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை என்று துணிந்து கூறலாம். பாடகரின் குரலாற்றலைக் காட்டுதல் இரண்டாம் இடத்துக்குச் சென்று, சொல்லின் உணர்ச்சிக்கேற்ற ஒலியைத் தேடுதல் முதலிடம் பெற்றது. “பாவமன்னிப்பு” ஒன்றிலேயே நாகூர் ஈ. எம். ஹனிபாவின் குரல் சௌந்தரராஜன் குரலோடு இணைவதும், ஸ்ரீநிவாசின் மென்குரல் தனித்து ஒலிப்பதும் உண்டு. அடுத்த ஆண்டு ஸ்ரீதரின் “நெஞ்சில் ஓர் ஆலயம்” வந்தது. காதலியை வாழ்த்தி விடைபெறும் நாயகனின் பாட்டினை, நகைச்சுவைப் பாடல்களுக்கே பெரிதும் அழைக்கப்பட்ட ஏ. எல். இராகவனைக் கொண்டு பாடுவித்தனர். புகழ்பெற்ற பெருங்குரல் எதுவும் அங்கே பொருந்தியிராது என்பதைப் பாட்டைக் கேட்டபின்னரே நாம் உணர்கின்றோம். முன்னரே உணர்ந்தவர் அவ்விருவர்.

இதுகாறும் கூறியவற்றைக் கொண்டு, இரட்டையரின் நடை பழமையினின்று புதுமைக்கு ஒரே நேர்க்கோட்டில் வளர்ந்தது என்று மாணவர் குறிப்பெடுத்துக்கொள்ளக் கூடும். நானும் பல்லாண்டு அவ்வாறே எண்ணியிருந்தேன். அதனை உடைப்பது 1964ஆம் ஆண்டு.

அவ்வாண்டுப் பொங்கலுக்கு வெளிவந்தது பி. ஆர். பந்துலுவின் “கர்ணன்”. பாரதக் கதைக்கு வடநாட்டுச் சூழல் வேண்டும் எனக் கருதி, ஷெனாய், சாரங்கி முதலிய கருவிகளை வாசிக்க வடக்கிலிருந்து கலைஞரை வரவழைத்தனர். சீர்காழி கோவிந்தராஜன், திருச்சி லோகநாதன், சௌந்தரராஜன், ஸ்ரீநிவாஸ் என நால்வர் முறைமுறையாகப் பாடும் பாட்டு அரசவைப் புலவர் வரிசையையே கண்முன் நிறுத்துகின்றது. போர்க்களத்திலே சாய்ந்த கர்ணன் அருகே ஒலிக்கும் சக்கரவாகம் கேட்டோரை இன்றும் கலங்க வைக்கின்றது. இதன்பின் சில வாரங்களுக்குள் ஸ்ரீதரின் “காதலிக்க நேரமில்லை” வருகின்றது. வண்ணப்படம், நகைச்சுவைக் கதை, மேனாட்டுத் துள்ளல் தாளம், கிற்றார், இளைஞர் கூச்சல். ஒரே கை இவ்விரண்டையும் இயற்றியது என்று சொன்னாலன்றி நம்புதல் அரிது. அவ்வாண்டிலேயே “புதிய பறவை”யில் மிகப்பெரிய வாத்தியக் குழுவொன்று ஒரு மனிதனின் மனக்குழப்பத்தை ஒலியாக்குகின்றது. அவ்வாண்டிலேயே “கலைக்கோவில்” என்னும் படத்தில் வீணை சிட்டிபாபுவுடையது. பாலமுரளிகிருஷ்ணாவும் சுசீலாவும் ஆபோகியிலே பாடுகின்றனர். படம் ஓடவில்லை. “சர்வர் சுந்தரம்” படத்திலோ ஒலிப்பதிவுக் கூடமே காட்சியாகின்றது. விசுவநாதன் கையசைத்து வாத்தியக் குழுவை நடத்துவதைத் திரையிலேயே காண்கின்றோம்.

எனவே 1964இல் இவர்களுடைய நடை யாது என்னும் வினாவுக்கு ஒருமையில் விடையில்லை. பழையதைக் கைவிட்டுப் புதியதை ஏற்றனர் என்பதிலும், புதியதைக் கற்றுப் பழையதையும் கைவிடாதிருந்தனர் என்பதே பொருந்தும். “கர்ணன்” பாடல்களால் மட்டும் திரட்டு ஒன்று செய்தால் இவர்கள் செவ்விசையாளர். “காதலிக்க நேரமில்லை”யால் மட்டும் செய்தால் மேனாட்டிசையாளர். இரண்டும் மெய், தனித்தனியே இரண்டும் பொய்.

இனி, திரட்டுக்குள் எப்பாட்டு நுழைகின்றது, எது வெளியே நிற்கின்றது என்பதைத் தீர்மானித்த காரணங்களுள் சிலவற்றைக் காண்போம். முதலாவது கருவியின் அளவு. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே கொண்டது. திரையில் நீண்ட பாட்டு தட்டிலே குறைந்தது, சரணங்கள் விடுபட்டன. நீண்டநேர இசைத்தட்டு 1948இல் அமெரிக்காவில் வெளிவந்ததாயினும், நம் நாட்டுச் சாதாரண வீடுகளில் அதனைச் சுழற்றும் கருவி எத்தனை பேரிடம் இருந்தது? பின்னணி இசையோ தட்டில் ஏறவேயில்லை. ஒரு படத்தில் பாடல்கள் அரைமணி நேரமெனில், சொல்லின்றி ஒலிக்கும் இசை அதனினும் மிகுதி. இருவரின் உழைப்பிற் பெரும்பகுதி அவ்வாறு முதற் சல்லடையிலேயே கழிந்துபோயிற்று.

இரண்டாவது வானொலி. இதில் நம் நாட்டுக்குத் தனிப்பங்கு உண்டு. 1952இல் இந்தியாவில் அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரைப்பாடல்களைத் தரக்குறைவானவை எனக் கருதினார். அகில இந்திய வானொலியில் அவற்றின் இடம் சுருங்கிற்று. 1950இல் தொடங்கப்பெற்ற இலங்கை வானொலி வர்த்தக ஒலிபரப்பு அவ்வெற்றிடத்தை நிரப்பியது. இந்திப் பாடல்களை விருப்பின் அளவுக்கேற்ப வரிசைப்படுத்தி அமீன் சயானி நடத்திய பினாகா கீத்மாலா 1952 முதல் கொழும்பிலிருந்தே ஒலித்தது. தமிழில் எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் கடல் கடந்து தென்னிந்திய வீடுகளை எட்டியது. 1957இல் இந்தியா விவித்பாரதியைத் தொடங்கியபின்னரும் அப்பழக்கம் உடனே மாறவில்லை. சென்னையில் பிறந்த பாட்டு கொழும்பு வழியாகத் தமிழ்நாட்டுக்கே திரும்பிச் சென்றது என்பது நினைக்க நினைக்க இன்பந் தருவது.

ஆயின் வானொலியின் இயல்பு யாது? நேயர் கேட்ட பாட்டையே அது மீண்டும் ஒலிபரப்பும். ஒலிபரப்பிய பாட்டையே நேயர் மீண்டும் கேட்பர். இச்சுழலுக்குள் புகுந்த பாட்டு வாழும், புகாதது மறையும். ஹந்தானைத் தோட்டத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலைபார்த்த என் தந்தையார் தம் இளமையில் லயத்துக்கு ஒன்றாயிருந்த வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து கேட்ட பாடல்களைப் பிற்காலத்தில் ஒலிநாடாவிலே பதிவு செய்வித்தார். கண்டியிலே ஒலிப்பதிவுக் கடைக்குச் சிறு தாளில் பாட்டுப் பெயர்களை எழுதிக் கொடுத்தால் இரண்டு கிழமையில் நாடா கிடைக்கும். அத்தாளில் எழுதப்பட்டவை வானொலியிற் பலமுறை கேட்டவையே. ஒருமுறை கேட்டு மறந்ததை எவரும் எழுதார். நாடாக்களின் பட்டியல் இறுவட்டுக்கு ஏறியது. இறுவட்டின் பட்டியல் கைத்தொலைபேசிக்கு ஏறியது. என் மாணவன் கொணர்ந்த திரட்டினை எந்த ஒரு தொகுப்பாசிரியரும் இருந்து ஆராய்ந்து செய்ததாகத் தோன்றவில்லை. அறுபது ஆண்டுக்கால விருப்பத்தின் வண்டல் அது.

மேனாட்டிலும் இச்சிக்கல் உண்டு. இலிவர்பூல் நகரத்துப் பீற்றில்ஸ் என்னும் நால்வர் குழு 1970இல் கலைந்தது. 1973இல் அவர்தம் பாடல்கள் 1962 முதல் 1966 வரை ஒன்று, 1967 முதல் 1970 வரை ஒன்று என இரு தொகுதிகளாக வெளியிடப்பட்டன. ஒன்றன் உறை சிவப்பு, மற்றதன் உறை நீலம். காலவரிசை பேணப்பட்டமையால் கேட்போன் குழுவின் மாற்றத்தைக் காதாலேயே உணரலாம். 2000ஆம் ஆண்டில் “1” என்னும் பெயருடன் வந்த தொகுப்போ பிரித்தானியாவிலோ அமெரிக்காவிலோ விற்பனையில் முதலிடம் பெற்ற 27 பாடல்களை மட்டுமே கொண்டது. விளைவு யாது? ஒரே தட்டின் இரு பக்கங்களாக 1967இல் வந்த இரு பாடல்களில் “பென்னி லேன்” அமெரிக்காவில் முதலிடம் பெற்றமையால் உள்ளே வந்தது. “ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்” வெளியே நின்றது. ஒலிப்பதிவுக் கலையிலே அக்குழு செய்த புரட்சியைக் காட்டும் பாட்டு அதுவே. எண்ணிக்கையே அளவுகோலானால் நேர்வது இதுதான். சிவப்புத் தொகுதியும் குற்றமற்றதன்று. அதில் ஜார்ஜ் ஹரிசன் இயற்றிய பாட்டு ஒன்றுமில்லை. பிறர் இயற்றி இவர்கள் பாடியதும் இல்லை. இலெனன், மக்கார்ட்டினி இருவரே யாவும் என்னும் எண்ணத்தை அது அரை நூற்றாண்டு பரப்பியது; 2023இல் விரிவாக்கி வெளியிட்டபொழுதுதான் அக்குறை ஓரளவு நீங்கிற்று.

ஹரிசனுக்கு நேர்ந்தது சிறிது. இராமமூர்த்திக்கு நேர்ந்தது பெரிது. 1965க்குப்பின் விசுவநாதன் பல நூறு படங்களுக்கு இசையமைத்துப் பெரும்புகழ் எய்தினார். இராமமூர்த்தி “சாது மிரண்டால்”, “தேன் மழை”, “மறக்க முடியுமா”, “நான்” எனச் சில படங்களுக்கே தனித்து இசையமைத்தார். பிற்காலப் புகழின் ஒளி முற்காலத்தின்மீதும் விழுந்தது. பதின்மூன்று ஆண்டுக் கூட்டுழைப்பு மக்கள் நாவில் ஒருவர் பெயராற் சுருங்கியது. இருவரும் 1995இல் “எங்கிருந்தோ வந்தான்” படத்துக்கு மீண்டும் கூடினர். 2012இல் தமிழக அரசு இருவரையும் ஒருங்கே கௌரவித்தது. 2013இல் இராமமூர்த்தியும், 2015இல் விசுவநாதனும் மறைந்தனர். மெட்டு இவருடையது, வாத்திய அமைப்பு அவருடையது என்று சிலர் எளிதாகப் பிரித்துரைப்பர். நான் அதனை ஏற்கத் தயங்குகின்றேன். “மறக்க முடியுமா”விலும் “நான்” படத்திலும் இராமமூர்த்தியின் மெட்டுகள் எவர்க்கும் குறைந்தனவல்ல. விசுவநாதனின் பிற்கால வாத்திய அமைப்பும் குறைந்ததன்று. இருவர் கூடியிருந்த காலத்தில் யாருடையது எது என்று பிரிக்கவியலாதிருந்ததே அக்கூட்டின் பெருமை. ஆகவே 1965க்கு முன்னையதையும் பின்னையதையும் ஒரே தட்டிற் கலந்து ஒருவர் படத்தை முகப்பில் அச்சிடுவது, நடைமாற்றத்தை மறைப்பதோடு நில்லாது ஒருவருடைய பங்கினையே களவு கொள்வதாகும். உதவியாளராயிருந்த ஆர். கோவர்த்தனம், ஹென்றி டானியல் போன்றோர் நிலையை இனிச் சொல்லவும் வேண்டுமோ?

இத்துணையும் கூறியபின் திரட்டுக்களை முற்றாக ஒதுக்கவேண்டும் என்பது என் கருத்தோவெனின், அன்று. முத்தொள்ளாயிரம் என்னும் நூல் முழுமையாக நமக்குக் கிட்டவில்லை. இன்று நாம் படிக்கும் நூற்றுச்சொச்சம் வெண்பாக்களும் நமக்குக் கிடைத்தமைக்குப் புறத்திரட்டே பெரிதும் காரணம். வளையாபதி, குண்டலகேசி, தகடூர் யாத்திரை என்பவற்றின் சிதறல்களும் பெரும்பாலும் அங்ஙனமே. தொகுத்தோன் தன் நோக்குக்கேற்ற தலைப்புகளின்கீழ்த்தான் அடுக்கினான். மூலநூல்களின் வரிசையை அவன் காக்கவில்லை. எனினும் அவனை நாம் தொழவேண்டும். பழைய திரைப்படச் சுருள்கள் பல அழிந்துபட்ட இந்நாளில், ஒரு படத்தின் இசையிலே எஞ்சியது ஏதோவொரு மலிவான திரட்டிலே கிடந்த ஒற்றைப் பாட்டேயாகலாம்.

வேறொன்றும் கூறவேண்டும். நான் வெளிவாரி மாணவனாகப் பட்டப்படிப்புப் பயின்றவன். பகலில் வகுப்பில் நின்று, இரவில் படித்தவனுக்கு மூலநூல்களை முழுதும் கற்கும் வாய்ப்பு ஏது? “தெரிவு செய்யப்பட்ட பகுதிகள்” என்னும் திரட்டுகளே என் பல்கலைக்கழகம். ஹந்தானை மலையடிவாரத்திலே பேராதனைப் பல்கலைக்கழகம் என் கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதன் விரிவுரை மண்டபங்களில் அமரும் வாய்ப்பு எனக்கு இருக்கவில்லை. திரட்டைப் பழிக்கும் உரிமை எனக்கில்லை. திரட்டிலே நிறைவுற்று நின்றுவிட்டவனைக் கண்டால் வருந்தும் உரிமை மட்டும் உண்டு.

அதே பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் “கர்ணன் போர்” கூத்தினை மேடையேற்றியமை இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. மட்டக்களப்பிலே விடிய விடிய ஆடப்பட்ட கூத்தினை நகர மேடைக்கேற்ப ஓரிரு மணி நேரத்துக்குச் சுருக்கினார். அதுவும் ஒருவகைத் திரட்டே. அதனைக் குறை கூறினோரும் இருந்தனர். ஆயின் அவர் கூத்தின் பிறப்பிடமான கிராமங்களுக்குச் சென்றவர், அண்ணாவிமாரை அறிந்தவர், எதனைச் சுருக்கினோம் என்பதை அறிந்து சுருக்கியவர். சுருக்கம் கண்டவர் சிலர் முழுக்கூத்தையும் தேடிச் சென்றனர். மாறாக, ஹந்தானையில் 1925இற் கட்டப்பட்ட தொழிற்சாலைக் கட்டிடத்தில் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை அரும்பொருட்சாலைக்குச் சென்று உருளை இயந்திரங்களைப் பார்க்கும்பொழுதெல்லாம் எனக்கு வேறோர் எண்ணம் தோன்றும். இயந்திரங்கள் யாவும் துடைத்துப் பளபளப்பாக நிற்கின்றன. அவை எழுப்பிய இரைச்சலும், வாடிய கொழுந்தின் மணமும், இரவு வேலை முடித்து வந்த என் தந்தையாரின் சட்டையிற் படிந்த தூளும் அங்கே இல்லை. நல்ல திரட்டுக்கும் அல்லாததற்கும் உள்ள வேறுபாட்டினை இவ்விரண்டையும் வைத்தே நான் எண்ணிப் பார்ப்பது வழக்கம்.

கலைவிழாவுக்கு வருகின்றேன். இறுவட்டினை ஒதுக்கிவிட்டு, படப்பெயரும் ஆண்டும் பாடகர் பெயரும் எழுதிய பட்டியலொன்றை மாணவரைக் கொண்டே ஆக்குவித்தேன். ஆண்டுக்கு ஒன்றாகப் பதின்மூன்று பாட்டு என்பது அவர்கள் முடிவு. முதலில் எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆயின் 1964ஐ எவ்வாறு ஒரு பாட்டில் அடக்குவது? 1954க்கும் 1964க்கும் சமபங்கு அளிப்பது நீதியா? இரண்டு நாள் வாதாடினர். இறுதியில் 1964க்கு நான்கு இடம் கொடுத்து, முற்காலத்து ஆண்டுகள் சிலவற்றை விட்டனர். பட்டுக்கோட்டையாரின் நெசவுப் பாட்டினைச் சேர்க்கவேண்டும் என்று நான் மன்றாடினேன். அதற்கு இடம் கிடைத்தது. “கலைக்கோவில்” பாட்டினைப் பாட எவருக்கும் குரல் போதவில்லை. வீணை பயிலும் மாணவி ஒருத்தி அதனை வாத்தியத்திலே வாசித்தாள்.

அறிவிப்பாளனாக நின்ற மாணவன் ஒவ்வொரு பாட்டுக்கும் முன் “இசை: விசுவநாதன், இராமமூர்த்தி” என்று இரு பெயரையும் கூறினான். நான்காம் பாட்டுக்குப்பின் அவையில் முன்வரிசையிலிருந்த முதியவர் ஒருவர், பழைய மாணவர், “இராமமூர்த்தி என்பவர் யார் தம்பி, பாட்டு எழுதியவரா?” என்று என்னைக் கேட்டார். அடுத்த பாட்டு தொடங்கிவிட்டமையால் அவருக்கு அப்பொழுது விடை கூற இயலவில்லை. இவ்விதழ் அவர் கைக்கு எட்டும் என நம்புகின்றேன்.